நாற்பது குப்பிகளும் என் அழகான கையெழுத்தும்

போன வாரம் முழுக்க என் மனைவி தமிழரசி என்னைத் திட்டவே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பயமாகிவிட்டது!

தமிழரசி காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். டாக்டர் பட்டத்துக்காக அவள் ஆராய்வது... நீர் உண்ணி. நாய் காதில் ஒட்டியிருக்குமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஓடையில் கல்லுக்கடியில் வாழும். கடுகில் பாதிகூட இருக்காது. ஜவ்வாது மலையில் எந்த ஓடையில் எந்த வகை இருக்கிறது? இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் முதல் பஸ் பிடித்துப் போய்த் தேடினாள். நான்? வேங்கிக்கால் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பிடித்ததை ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போடுவாள். எந்த ஓடை, என்ன தேதி என்று துண்டுச் சீட்டில் பென்சிலால் கிறுக்கி, அதையும் உள்ளேயே போட்டுவிடுவாள். இப்படி நாற்பது குப்பி.

பரீட்சைப் பேப்பர் திருத்த அவள் வேலூர் போயிருந்த நான்கு நாளில் எனக்குப் பாசம் பொங்கியது. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள் — கையெழுத்து அப்படி! அவள் கிறுக்கலை எல்லாம் புதுச் சீட்டில் மைப் பேனாவால் முத்து முத்தாக எழுதிப் போட்டேன். பழைய சீட்டுகள் குப்பைக்குப் போயின. அவள் ஓடைவாரியாக வைத்திருந்த குப்பிகளை உயரவாரியாக வேறு அடுக்கிவைத்தேன்.

திரும்பி வந்தவள் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஸ்பிரிட் வெளிர் நீலமாக இருந்தது. சீட்டு வெள்ளை வெளேர். மை மொத்தமும் கரைந்துவிட்டது... நாற்பதிலும்!

“பென்சில்தாங்க ஸ்பிரிட்ல அழியாது” என்றாள். பிறகு மெதுவாக, “என்ன வகைன்னு எப்ப வேணா பாத்துக்கலாம். எந்தத் தண்ணியில இருந்துச்சுன்னு அது வாயத் தொறந்து சொல்லுமா?”

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. மார்ச்சுக்குள் எல்லா ஓடையிலும் மறுபடி பிடித்து ஆய்வை எழுதிக் கொடுத்தாக வேண்டும். நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

நேற்று ஞாயிறு. “நானும் வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஓடையில் முழங்காலளவு தண்ணீர். முதல் கல்லிலேயே சறுக்கினேன்.

“பாத்துங்க, நான் விழுந்த கல்லு அது.”

“நீ எப்ப விழுந்த?”

“முட்டியில தழும்பு இருக்கில்ல?”

“அது பஸ்ஸுல இறங்கறப்ப அடிபட்டதுன்னு சொன்ன?”

“நெசத்தச் சொல்லியிருந்தா அடுத்த வாரம் அனுப்பியிருப்பீங்களா?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கல்லைப் புரட்ட, நான் வலையைப் பிடித்தேன். வெள்ளைத் தட்டில் கொட்டியதும் ஒரு சிவப்புப் புள்ளி விறுவிறுவென்று நீந்தியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! இரண்டு வருஷமாக இதைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேனே.

சீட்டு எழுதும் வேலையை எனக்கே கொடுத்தாள், பென்சிலோடு. இன்னும் பத்து ஓடை பாக்கி.

இந்தப் பத்தியையும் பென்சிலில்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்... தமிழரசி பறிமுதல் செய்த பேனா இன்னும் கைக்கு வரவில்லை!