ராணிக்குப் போட்டியாக ஒரு குட்டி

நன்னிலம் பக்கத்து லத்தீஃபாவுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு சக்களத்திதான். அவளுக்கு நாலு கால், ஒரு வால், வெள்ளை மீசை.

பெயர் ராணி. புருஷன் ஹபீப் முகம்மது சவூதியில் தமாமுக்கு வேலைக்குப் போகுமுன் மடியில் வைத்து வளர்த்த பூனை. கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவர்கள் கேசட்டில் பேசி, ஊர் திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் அது. ஹபீபும் அனுப்புவார். சலாம் சொன்ன கையோடு, "ராணி சாப்புடுதா? மீனுல முள்ள எடுத்துட்டுப் போடு" என்பார். லத்தீஃபாவின் முதுகுவலியை அவர் விசாரிப்பதற்குள் கேசட்டை மறுபக்கம் திருப்ப வேண்டிவரும். ராணியோ அந்தக் குரலைக் கேட்டதும் ஓடிவந்து டேப் ரெக்கார்டர் மேலேயே படுத்துக்கொள்ளும், என்னவோ தன்னைத்தான் நிக்காஹ் செய்தார் என்பது போல.

லத்தீஃபா சும்மா இருப்பாளா? மீன்காரி அம்சத்தின் கூடையைச் சுற்றிய பழுப்புக் குட்டியைக் கேட்டு வாங்கினாள். சோடா என்று பெயர் வைத்தாள். திறந்த சோடா மாதிரியே அது பொங்கியது. சிலிண்டர் பின்னால் பதுங்கி, ராணி நடந்தால் பாய்ந்து வாலைக் கவ்வும், கழுத்தில் தொங்கும். வீட்டின் இன்னொரு பெரிய பூனை கறுப்பன் ஒரு கடி வாங்கியதுமே ஓட்டுமேல் ஏறிவிட்டான். வயதான ராணியால் ஏற முடியாது. சீறும். பொறுக்க முடியாமல் ஓர் அறை விடும். உடனே லத்தீஃபா ராணியின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவாள்.

"சின்னப்புள்ள வெளையாடுது. மகாராணிக்குப் பொறுக்கலையோ?"

கடித்தால் மடி கிடைக்கும் என்று சோடாவும் புரிந்துகொண்டது.

ஒரு காலையில் ராணியைக் காணோம். தேடிப்போனால், அடுத்த தெருவில் ஹபீபின் அக்கா ரசியா பேகத்தின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தது. உர்ர் உர்ர் என்று சுகமான சத்தம் வேறு. லத்தீஃபாவின் மடியில் ஒருநாளும் அந்தச் சத்தம் வந்ததில்லை.

"பாவம், கழுத்தெல்லாம் புண்ணு" என்றாள் ரசியா. "இனிமே இங்கயே இருக்கட்டும். தம்பிக்கு நானே கேசட்டுல பேசிச் சொல்லிடறேன்."

"எங்க வீட்டுப் பூனை மதினி அது!"

"அது ஒனக்குத் தெரியுது. பூனைக்குத் தெரியணும்ல?"

நேற்றுவரை தொலைந்தால் போதும் என்றிருந்த பூனை இன்னொருத்தி மடியில் கிடப்பதைப் பார்க்க லத்தீஃபாவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, ராணியின் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பன் கீழே இறங்கினான். சோடா பாய்ந்தது. கறுப்பன் பளாரென்று ஒன்று விட்டான். எழுந்துபோய்க் குட்டியைத் தூக்க லத்தீஃபாவுக்குத் தெம்பில்லை. சோடா உருண்டது, அவளைப் பார்த்தது, யாரும் வரவில்லை. மெல்லப் போய்க் கறுப்பன் பக்கத்தில் நல்லபிள்ளையாய் உட்கார்ந்தது.

"அட! நான்தான் ஒன்னக் கெடுத்தேனா?" என்றாள் லத்தீஃபா.

அன்றிலிருந்து பழந்துணிக் கிழிசலைக் கயிற்றில் கட்டி, முற்றம் முழுக்க இழுத்து ஓடினாள். சோடாவுக்கு நாக்குத் தள்ளியபிறகுதான் சோறு. ராணியின் தட்டு அறைக்குள், தனியாக. அப்புறம் வயர் கூடையோடு ரசியா வீட்டுக்குப் போனாள்.

"ரெண்டு நாள் பாருங்க மதினி. மறுபடி ஓடிவந்தா நீங்களே வச்சுக்குங்க."

கூடையிலிருந்து ராணி இறங்கியதும் சோடா பதுங்கியது, பாய்ந்தது. லத்தீஃபாவின் கை தானாக நீண்டது. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். ராணி அறைந்தது. லத்தீஃபா நகரவில்லை. ராணி ஒருகணம் அவளையே பார்த்தது, அடி விழவில்லையே என்று. பிறகு குட்டியின் தலையை நக்க ஆரம்பித்தது.

ராணி போகவில்லை. வேவு பார்க்க வந்த ரசியா, ராணியின் வயிற்றில் முகம் புதைத்துத் தூங்கிய சோடாவைப் பார்த்து முகம் சுருங்கினாள்.

"சோடா, வாடா ராசா" என்று லத்தீஃபா மடியைத் தட்டினாள். குட்டி காதை மட்டும் ஆட்டியது. வரவில்லை.

ரசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போச்சா? அதுவும் ராணி கட்சியா?"

"வந்தா வருது, வராட்டிப் போவுது" என்றாள் லத்தீஃபா, கண்ணை அங்கிருந்து எடுக்காமலே. "ரெண்டும் என் வீட்லதானே கெடக்கு."