பதினொரு பஸ் டிக்கெட்டுகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மேஸ்திரியம்மா' என்று பெயர். பதவி உயர்வு ஒன்றும் கிடைத்ததில்லை. அதிகாரம் மட்டும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வருடம் ஆவியில் வெந்து படுக்கைவிரிப்புகளைத் தேய்த்து மடித்தவள், ஓய்வு பெற்ற மறுவாரமே இரண்டு சைக்கிளோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கடல் வரைக்கும் போறோம்" என்றாள் கணவரிடம்.

கடல் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, அவருக்கு அறுபத்தொன்று. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஸ் முன்பதிவுக் கவுன்டரில் காலம் தள்ளிய கணவர் மட்டும், "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றாள். சரி என்றார். அவளை நம்பிக் கிளம்பிய ஒரே ஆள் அவர்தான் என்று அவளுக்குக் கொள்ளை சந்தோஷம்.

மூன்றாம் நாள் பிடித்த மழை ஏழாம் நாளும் விடவில்லை. மழையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், எதிர்க்காற்று உயிரை வாங்கியது. பாலத்தின் மேல் ஒரு லாரி இருவர் மீதும் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. அவள் லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மிதித்தாள். அவர் வழக்கம்போலப் பின்னால் வந்தார்.

மதியம் மூன்று மணிக்கே, இனி ஆகாது என்று ஒரு டயர் கடை மாடியில் அறை எடுத்தார்கள். அவர் குளிக்கப் போனார். அவள் ஈரத்துணியைப் பிரித்துப் போட்டாள். துணியை வாளியில் போடுமுன் பையைத் துழாவுவது சலவைக்கூடத்துப் பழக்கம். டாக்டர்களின் பேனாவும் ஊசியும் எத்தனை எடுத்திருப்பாள். அவருடைய மழைக்கோட்டின் உள்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை அகப்பட்டது.

உள்ளே பஸ் டிக்கெட்டுகள். வழியில் தங்கும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வீட்டுக்கு, ஊருக்கு ஒன்றாகப் பதினொன்று. தாண்டி வந்த ஆறு ஊர்களின் டிக்கெட்டில் மட்டும் 'ரத்து' என்று எழுதியிருந்தது. எல்லாம் கிளம்புவதற்கு முன்பே எடுத்தவை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் துண்டோடு வெளியே வந்தார்.

"நான் பாதியில உட்காந்துடுவேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?" உறையை ஆட்டிக் காட்டினாள். "ஊரே சிரிச்சுது. நீங்களுமா?"

"பேரைப் படி" என்றார் அவர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். பயணி ஒருவர். ஆண். வயது அறுபத்தொன்று. பதினொன்றிலும் அதேதான்.

"என் பேர் எங்க?"

"உனக்கு எதுக்கு? நீ எப்படியும் போய்ச் சேர்ந்துடுவ. என் முட்டிதான் எப்ப கைவிடும்னு தெரியல. முடியலன்னா நான் பஸ் ஏறிடலாம், நீ பாட்டுக்குப் போகலாம்னு நெனச்சேன்."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே சைக்கிளைக் கடையில திருப்பிக் குடுத்திருப்ப."

கொடுத்திருப்பாள்தான். அவரைக் கட்டிலில் உட்காரவைத்துத் துண்டை விலக்கினாள். வலது முட்டி பன் ரொட்டி போலப் புடைத்திருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டா இத்தனை தூரம் மிதித்தார்? நன்றி என்று ஒரு சொல்லை அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு இப்போது அதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதுவும் அழுகையாகத்தான் வந்தது.

"வீக்கம் வடியட்டும். நாலு நாளோ, பத்து நாளோ, இங்கயே இருப்போம்" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "போனா ரெண்டு பேரும் கடலுக்கு. இல்லன்னா ரெண்டு பேரும் வீட்டுக்கு. மிச்சத்தையும் ரத்து பண்ணுங்க."

அவர் போனை எடுத்தார். திரையில் 'ரத்து' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கவுன்டரில் இருப்பவர் போலவே கேட்டார்:

"ரத்து பண்ணிட்டா இதே சீட் மறுபடி கிடைக்காதும்மா. உறுதிதானா?"

"உறுதிதான்" என்று முட்டியை நீவிக்கொண்டே சொன்னாள்.