பூமிக்கு ஒரு கிழமை இல்லை

மிளகாய்த்தூள் ஒட்டிய ஆங்கிலத் தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தும்மித் தும்மி நான் கதை சொன்ன அந்தப் பகல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் வாப்பாவின் மளிகைக் கடை, அதன் பின்கட்டில் வீடு. எனக்குப் பதினைந்து வயது, என் அக்கா ராத்தாவுக்குப் பதினேழு. தோட்டத்துத் துரை படித்து முடித்த பத்திரிகைகளை அவருடைய சமையல்காரர் கட்டுக்கட்டாக எங்கள் கடைக்குக் கொண்டுவந்து போடுவார். அவற்றைக் கிழித்துத்தான் மிளகாய்க்கும் சீரகத்துக்கும் பொட்டலச் சரை சுற்றுவோம். அப்படிக் கிழிக்கப்போன ஒரு தாளில்தான் அந்த ஆளைக் கண்டேன். நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் கப்பல், அதன் முனையில் ஒரு வெள்ளைக்காரர், கையில் உருவிய வாள். ஆகாயத்தில் ஊர் ஊராகப் போய்ச் சண்டை பிடிப்பதுதான் அவருடைய தொழில். அவருடைய பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கப்பித்தான் என்று வைத்துக்கொண்டோம்.

“கப்பித்தான் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்துட்டார்” என்றேன், பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தின் பெருமையெல்லாம் குரலில் தெரிய.

ராத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “ஏன், திங்கக்கிழமை அவருக்கு வேலையா?” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். செவ்வாய் என்றால் கிழமை மட்டுமில்லை, வானத்தில் சிவப்பாகத் தெரிகிற ஒரு கிரகம் என்று விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. கையில் மீனோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். “அப்ப புதன்? வியாழன்? வெள்ளி? எல்லாம் ஊரா? அப்ப நாம கிழமைக்கு ஒரு ஊரா போய்க்கிட்டா இருக்கோம், தம்பி?” என்றாள். பெரிய பிள்ளையானதிலிருந்து நாலு வருடமாக அடுக்களையையும் பின்முற்றத்தையும் தாண்டாதவள் அவள். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

மறுநாளே ஆட்டத்தைப் போட்டுவிட்டாள். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றில் கரியால் வட்டமாக ஏழு வீடு. அவள் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவாள், அதனால் ஞாயிறும் திங்களும் வலமிருந்து இடமாகப் போயின. கொட்டைப்பாக்குதான் கப்பித்தான். எதிரிகள் மிளகு. ஆறு சோகி, அதாவது சோழி, எறிந்து விழுந்த கணக்குக்குக் காய் நகர்த்த வேண்டும். ஞாயிற்றில் விழுந்தால் சூடு பட்டு ஒரு முறை சும்மா இருக்க வேண்டும். செவ்வாயில் சண்டை. வெள்ளியில் மட்டும் சண்டையே கூடாது, ஜும்ஆ தொழுகை நாளில் யார் அடித்துக்கொள்வார்கள் என்பாள். சனியை மட்டும் தோட்டத்து லயத்திலிருந்து சாமான் வாங்க வரும் பெண்களிடம் கேட்டு வைத்தாள். அவர்கள் சொன்ன பயத்தில், சனியில் கால் வைத்தவன் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள். நான்கு தடவை தொடர்ந்து அங்கே போய் விழுந்த என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில், உம்மா கடைப்பக்கம் கேட்டுவிடும் என்று ஓடிவந்து வாயைப் பொத்தினார்.

ஆட்டத்தில் ஒரே ஒரு குறை, அதற்கு முடிவில்லை. கப்பித்தான் சுற்றிச் சுற்றி வருவார், ஆனால் வீடு திரும்ப வழியில்லை. “பூமிக்குன்னு ஒரு கிழமை இல்லையே” என்று ராத்தா கவலைப்பட்டாள். ஓரத்தில் ஒரு வீடு வரையுங்கள் என்றேன். கேட்கவில்லை. கதையில் அவர் எப்படித் திரும்புகிறார் என்று தெரியாமல் வரையக்கூடாதாம். கதையோ பாதியில் நின்றது. கடைசிப் பகுதி வந்த கட்டு எங்கள் கைக்கு வருமுன் வேறெங்கோ போயிருந்தது.

அதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு லுணுகலையில் கடை. இப்போதென்றால் ஒரே நாளில் போய்வருகிற தூரம்தான், ஆனால் அன்று மாட்டுவண்டியில் அது ஒரு பயணம். புறப்படும்போது எல்லோரும் அழுதார்கள், ராத்தா மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “அந்தத் தாள் வந்தா தபால்ல போடாத. நீயே வந்து வாசிக்கணும்” என்றாள். பலகையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு கட்டையும் நான்தான் அவிழ்த்தேன். யாரும் சிரிக்க வேண்டாம். கப்பித்தான் வீடு திரும்பினால் ராத்தாவும் திரும்பிவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை எனக்கு இருந்தது. மாப்பிள்ளை பதுளைக்கே கடையை மாற்றுவார், பின்கட்டில் பழையபடி அவள் சிரிப்பு கேட்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் இல்லாத வீட்டில் பேச ஆளில்லாமல் கடையிலேயே கிடந்தேன். இரண்டு வருடம் கழித்து அந்தத் தாள் அகப்பட்டது. கப்பித்தான் திரும்பிவிட்டார்! தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார், அத்தோடு முற்றும். தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே லுணுகலைக்கு வண்டி ஏறினேன்.

ராத்தா சற்றுப் பருத்திருந்தாள். இடுப்பில் குழந்தை. வெங்காயம் உரித்துக்கொண்டே நான் வாசித்ததைக் கேட்டாள். “வந்துட்டாரா? நல்லது, நல்லது” என்றாள். அவ்வளவுதான். முடிவு தெரிந்துவிட்டது, இனிப் பூமியை வரையலாம் என்றேன். “அது எப்பவோ போட்டாச்சே” என்று பலகையை எடுத்து வந்து காட்டினாள். ஏழு வீட்டுக்கும் நடுவே எட்டாவதாக ஒரு சதுரம், அடுப்பும் ஜன்னலும் வைத்து வரைந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம். எங்கள் பதுளை வீட்டில் பலாமரம் கிடையாது. நிமிர்ந்து அவள் அடுக்களை ஜன்னலைப் பார்த்தேன். அங்கே இருந்தது.

“அப்ப பதுளை எங்க, ராத்தா?” என்று கேட்டேன்.

கொஞ்சமும் யோசிக்காமல் வெள்ளியைத் தொட்டுக் காட்டினாள். “இதுதான். சண்டையில்லாத இடம். ஆசையா போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்.”

பிறகு சோறு போட்டாள். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி முட்டை பொரித்து, அப்பளம் வைத்து, இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினாள். எங்கள் வீட்டில் என் தட்டிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கித் தின்றவள் அவள்.

இப்போது ராத்தா இல்லை. வாப்பாவும் உம்மாவும் இல்லை. பின்கட்டில் நான் மட்டும் இருக்கிறேன். அவள் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வீடு திரும்ப வேண்டும் என்று இரண்டு வருடம் ஏங்கிக் கிடந்தேன். அவளோ நான் தாளோடு போவதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டிருந்தாள், லுணுகலையில் இருந்த தன் வீட்டுக்கு.