பச்சை இலை போட்ட பெட்டி

மாத்தளைக் கடைத் தெருவில் ஜெஸ்லா வருவதைக் கண்டால் கடைக்காரர்களுக்குத் திடீரென்று கைவேலை வந்துவிடும். ஒருவர் பொலித்தீன் பைக் கட்டை மேசைக்கடியில் தள்ளுவார். இன்னொருவர் எப்போதோ வாங்கிய துணிப்பையைத் தேடியெடுத்து முன்னால் தொங்கவிடுவார். அவள் தலை மறைந்ததும் துணிப்பை உள்ளே போகும், பொலித்தீன் வெளியே வரும். ஊர் அவளுக்கு வைத்த பேர் 'குப்பை மிஸ்'. ஊருக்கு அவள் வைத்திருந்த பேர்களை இங்கே எழுத முடியாது.

கடைகளும் கந்தோர்களும் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் நடக்க வழி சொல்லிக் கொடுப்பதுதான் அவள் உத்தியோகம். கொழும்பில் தலைமையிடம் கொண்ட ஒரு சின்ன நிறுவனம், அதன் மாத்தளைக் கிளையில் அவளும் அவளுடைய மேலாளர் விஜேந்திரனும் மட்டும். வழி சொல்ல ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒவ்வொரு ஜூன் மாதமும் மாங்கன்று வைத்துப் படம் எடுப்பார்கள். போன வருடம் வைத்தது காய்ந்து போயிருக்கும், அதைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதியதை வைப்பார்கள். வேறு இடத்தில் வைத்தால் என்ன என்று ஜெஸ்லா கேட்டதற்கு, குழி தயாராக இருக்கும்போது எதற்கு வீண் வேலை என்றார் அங்கிருந்த பெரிய அதிகாரி. தண்ணீர் ஊற்றுவது யார் என்று அவள் கேட்டபோது அவர் படம் எடுப்பவரைக் கூப்பிட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் யாராவது ஒருவர் திருந்தி, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத இடம் என்று நிறுவனம் கொடுக்கும் பச்சைப் பலகையை வாங்கியாக வேண்டும். வருடக் கடைசிக்குள் ஒரு பலகையாவது மாத்தளையில் ஏறாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று கொழும்பு சொல்லிவிட்டது. ஜெஸ்லாவின் வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டுக்குள் வந்தது அவளுடைய சம்பளம் ஒன்றுதான். தங்கை மபாஸாவுக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தார்கள்.

எனவே அவள் கலியாண மண்டபம் வைத்திருந்த ஸக்கரியா ஹாஜியாரைப் பிடித்துக்கொண்டாள். மனுஷன் கெட்டவர் இல்லை. எதற்கும் தலையாட்டுவார், அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம். ஆனாலும் மாதக்கணக்காக நடையாய் நடந்ததில் கொஞ்சம் அசைந்தார். சமையலறைக் கழிவு பீப்பாய்களில் பல்லேபொல என்ற ஊருக்குப் போய் அங்கே ஒரு மிளகுத் தோட்டத்துக்குப் பசளையானது. மிச்சம் இருந்தது சஹன் ஒன்றுதான். விருந்தில் ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சோறு உண்பார்களே, அந்தத் தட்டுத்தான் சஹன். கழுவும் வேலை மிச்சம் என்று ஹாஜியாரின் ஆட்கள் அதில் பொலித்தீனை விரித்து, அதன்மேல் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உண்டு முடிந்ததும் பொலித்தீன் மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குப் போகும். சஹனில் இனிமேல் பொலித்தீன் வேண்டாம் என்றாள் ஜெஸ்லா. ஹாஜியார் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் விட்டார், அந்தப் பாவி மனுஷன்.

பலகைக்காகப் பார்வையிட அவளும் விஜேந்திரனும் போன அன்று மண்டபத்தில் ஒரு கலியாணம். பாயும் இல்லை, சஹனும் இல்லை. மேசைகளில் ஆளுக்கொரு பெட்டி, மூடியில் பச்சை இலைப் படம். பெட்டிக்கு உள்ளே வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு. மரக்கரண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் வயசாளிகள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெஸ்லா நேரே பின்னால் போனாள். ஓடைக்கரை தெரியவில்லை, முந்திய கலியாணங்களின் பெட்டிகள்தான் தெரிந்தன, பாதிக்கு மேல் சோற்றோடு. சஹனில் ஒருவர் குறைத்து உண்டால் பக்கத்தில் இருப்பவர் சரிக்கட்டுவார். பெட்டியில் கிழவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு. சோறு பெட்டியோடு கலந்துவிட்டதால் பல்லேபொலத் தோட்டக்காரரும் எடுக்க மாட்டேன் என்று பீப்பாய்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். சஹன்கள் எங்கே என்று கேட்டாள். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று என்றார்கள்.

ஹாஜியார் முகமெல்லாம் பூரிப்பாக வந்து நின்றார்.

"மகள், சஹன்ல பொலித்தீன் வாணாம்னு சென்னீங்க. இப்ப சஹனே இல்ல. இன்னும் என்ன குறை ஈக்குது?"

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையை அவள் கேட்டிருக்கிறாள். கொளுத்திவிட்டுப் பரிசு கேட்டு நிற்பவனை இப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. விஜேந்திரன் அவளைத் தனியே கூட்டிப் போய், விதிப்படி பார்த்தால் பொலித்தீன் விரிப்பு இல்லை, அதுதானே நாம் கேட்டது என்று பக்குவமாகச் சொன்னார். பலகைக்கு இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும்.

"போட்டுருங்க ஜெஸ்லா. மத்தத அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ரெண்டு பேருக்கும் வேல இருக்கணும்ல?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டில் உம்மாவும், பேசி முடித்த கலியாணமும் அவள் கண்முன் வந்து நின்றன.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட்டா, ஊர்ல ஈக்கிற எல்லா மண்டபக்காரனும் இதத்தான் நல்லதுண்டு புடிச்சிக்குவான்," என்றாள் ஜெஸ்லா. "என்னால ஏலாது."

அவள் போடவில்லை. சொன்னபடியே கிளையை மூடினார்கள். விஜேந்திரன் கண்டிப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போனார், போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஜெஸ்லா வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினாள்.

ஹாஜியார் மட்டும் சோர்ந்துவிடவில்லை. ஊரிலேயே ஒரு பலகை அடித்து, 'பசுமை மண்டபம்' என்று எழுதி, நிறுவனம் கொடுத்திருக்கக்கூடியதை விடப் பெரிதாக வாசலில் ஏற்றினார். பலகை எழுதுகிறவன் யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை. பலகையைப் பார்த்து மற்ற மண்டபக்காரர்களும் சஹனைத் தூக்கி எறிந்தார்கள். கொஞ்ச நாளில் பெட்டி இல்லாத கலியாணம் நாகரிகமில்லாத கலியாணம் ஆகிவிட்டது.

மபாஸாவின் கலியாணத்துக்கு உம்மா ஹாஜியாரின் மண்டபத்தையே பேசினார். இரவல் சஹன் எடுப்போம், நானே கழுவுகிறேன் என்று ஜெஸ்லா மன்றாடினாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டு உம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியம்மா ஹமீமா, கையில் ஒரு பெட்டியோடு அவளைத் தேடி வந்தார்.

"இதக் கொண்டு வந்த குப்பை மிஸ் நீங்கதானே மகள்? சஹன் கழுவிக் கழுவி எங்கட கையெல்லாம் புண்ணாப் போன காலம் ஒண்டு ஈந்திச்சு. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்."

காலையிலிருந்து ஜெஸ்லா ஒன்றும் உண்டிருக்கவில்லை. பெட்டியை வாங்கி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் உண்டாள். பிறகு வெறும் பெட்டியைப் போட இடம் தேடினாள். பின்கதவையும் அதற்கப்பால் ஓடையையும் தவிர அந்த மண்டபத்தில் வேறு இடம் இருக்கவில்லை. அதற்குள் படம் எடுக்க எல்லோரும் கூப்பிட்டார்கள்.

மபாஸாவின் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவளுடைய ராத்தா ஜெஸ்லா பட்டுச் சேலையும் காலிப் பெட்டியுமாக நிற்கிறாள்.