ஒரு கண் விட்டு

காப்பாரிலிருந்து ரப்பர் ஏற்றிவந்த லோரிக்காரர் கிள்ளான் மோட்டார் ஸ்டாண்டில் இறங்கி, "ஒங்க மெக்கானிக் அந்தோணி போயிட்டாரு. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். காய்ச்சலாம், நான்கு நாளாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். தோட்டத்து ஆட்கள் ஆறு பேர் என்றார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாதி மோட்டார்களின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவருக்கு ஆறு பேர். அதற்குக் காரணம் நான். அவரை அறிந்தவர்களுக்கு, முக்கியமாக அவரை ஏசியவர்களுக்கு, இதை எழுதுகிறேன்.

தோட்டத்துக்குப் போகும்முன் அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், பட்டறையில் இருந்தார். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கையால் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்பார். பேரிங் தேய்ந்திருந்தால், சோற்றில் கல் கடிபட்டவர் போல முகத்தைச் சுளிப்பார். "சக்கரத்துக்கும் மூச்சு விட எடம் வேணும். இறுக்கிப் புடிச்சா வெந்துரும்" என்பது அவர் வாய்ச்சொல். "இதை எங்க வீட்டுக்காரிகிட்டயும் சொல்லுங்கண்ணே" என்பேன். சிரிக்கமாட்டார். ஆனால் மறுமுறை போகும்போது, "வீட்ல மூச்சு விட எடம் கெடைச்சுதா?" என்று விசாரிப்பார்.

நான் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வாடகை மோட்டார் ஓட்டுகிறவன். ஆறு வருஷத்துக்கு முன் என் வண்டியின் இரண்டு முன்சக்கரங்களுக்கும் அவர் புது பேரிங் போட்டார். "புதுசு, கொஞ்ச நாள் ஓடினா ஆட்டங்கொடுக்கும். அதுக்காக கிள்ளான்லேர்ந்து வராதே. நட்டை இறுக்கு, ஒரு கண் விட்டு ஆணியைப் போடு" என்றார். அந்த நட்டில் வெட்டு வெட்டாக இருக்கும். அதைத்தான் கண் என்பார்கள். நட்டு சுழலாமல் இருக்க அதில் ஓர் ஆணியைச் செருகவேண்டும். இறுக்கியபின் ஒரு கண் அளவு தளர்த்து என்பதுதான் அவர் சொன்னது. நானோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதைப் போல, ஒரு கண்ணைத் தாண்டி அடுத்த கண் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் நட்டை இறுக்கி, பிறகு ஸ்பானரின் மேல் ஏறி மிதித்து இன்னும் ஒரு கண் தள்ளினேன். அவருடைய வாய்ச்சொல்லை நூறு தடவை கேட்டவன்தான். அன்று அது என் புத்தியில் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள், பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் ஒரு ரயில்வே குமாஸ்தாவை ஏற்றிவந்தேன். வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் அவர், "என்னமோ தீயுதே தம்பி" என்றார். "வீடு சேந்துடலாம் ஐயா" என்றேன். ஒரு மைல்கூடப் போகவில்லை. சக்கரம் கழன்று ஓட, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. அவர் அங்கேயே இறந்தார். எனக்குக் கையில் சிராய்ப்பு.

வெந்து நீலம் பாரித்த பேரிங்கைப் பார்த்துவிட்டு அந்தோணி அண்ணன், "என்ன பண்ணினே?" என்றார். சொன்னேன். "நான் சொன்ன சொல்லு அப்படி" என்றார். விசாரணையில், "நட்டை இறுக்கினது நான்தான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மூன்று பிள்ளைகள். லைசென்ஸ் போனால் பட்டினி. அவர் தனி ஆள். பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

குமாஸ்தாவின் மனைவி பட்டறைக்கே வந்து அவர்மேல் மண்ணை வாரித் தூற்றினார். "நாதியத்துப் போவே" என்றார். தெருவே பார்த்தது, நானும் பார்த்தேன். அண்ணன் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். அன்றே தவுக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "நான் போய் உண்மையைச் சொல்லிடுறேன்" என்றேன். "சொன்னா போனவரு வந்துடுவாரா? ரெண்டு பேரு பொழப்பும் கெடணுமா? போ" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது, போனேன். பிறகு அவர் காப்பார்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இஞ்சின் பார்க்கும் வேலைக்குப் போனார். கிள்ளானிலிருந்து அரைமணிப் பயணம். ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் அங்கே போகவில்லை. வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம தவறாம வெளக்கேத்தி அந்த மனுசனைச் சபிச்சேன்பா. அதை இப்ப யாருகிட்ட போய்த் திருப்பி வாங்குவேன்?"

எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தோணி அண்ணனுடையது என்று என்னிடம் ஒரு சாமானும் இல்லை. ஆறு வருஷம் அவர்மேல் விழுந்த அந்தச் சாபம் இருக்கிறது. அது என்னுடையது. நான் வைத்துக்கொள்கிறேன்.