லேஸ் வைத்த கொடி

ரங்கூனை ஒட்டிய இன்சீனில் ரயில் பட்டறையைத் தாண்டிச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன வேதக் கல்லூரி இருந்தது. அதன் பெண்கள் விடுதியில் பெர்சிஸ் மேட்ரன். மேட்ரன் என்றதும் பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் மணி அடிக்க வேண்டும், அரிசி அளந்து போட வேண்டும், காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வைக்க வேண்டும், யார் எதைக் கிழித்துக்கொண்டு வந்தாலும் தைத்துக் கொடுக்க வேண்டும். சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மாடிப்படிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், ஒரு ஜன்னல். உலகத்தில் அவள் தலைக்கு மேல் இருந்த ஒரே கூரை அது.

அப்பா, அலோன் பேட்டைத் துறைமுகக் கிடங்கில் கிளார்க்காக இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம் என்ற மிதப்பு அந்த வீட்டில் பூனைக்குக்கூட இருந்திருக்கும். அப்பா போனார், அம்மா போனாள், கம்பெனி வீடும் போனது. அண்ணன் ஆண்ட்ரூ ஆஸ்திரேலியாவுக்குப் போனான். அவனிடமிருந்து கிறிஸ்துமசுக்கு ஒரு கார்டு வரும், அதிலும் அவன் பெண்டாட்டிதான் கையெழுத்துப் போட்டிருப்பாள். பெர்சிசுக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களும் இருந்தார்கள். படிப்பு முடியட்டும் என்றார் அப்பா. படிப்பு முடியவே இல்லை. அதற்குள் எண்பத்தெட்டின் மாணவர் கிளர்ச்சி வந்துவிட்டது.

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் மூன்றாம் வருடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கமருன்னிசா, ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டைக்காரி, தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மாணவர்கள் தெருவில் இறங்கியபோது இவர்களும் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்றால் கோஷம் போட்டுக் கொடி பிடித்தார்கள் என்று இல்லை. ஊர்வலத்தின் ஓரமாக நடந்தார்கள், நடந்து களைத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ராணுவம் சுட ஆரம்பித்ததும் பெர்சிஸ் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கமருன்னிசாதான் அவள் கையைப் பிடித்து இழுத்துச் சந்து சந்தாக ஓடித் தன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒரு வாரத்துக்கு மேல் பெர்சிஸ் அங்கேதான் கிடந்தாள். அந்த ஊரில் வெளியாள் ஒருவர் ராத்தங்கினாலும் வார்டு ஆபீசில் சொல்லியாக வேண்டும். பதியாத ஆள் யாராவது உண்டா என்று தேடி வந்தவர்களிடம் கமருன்னிசாவின் அம்மா, பெர்சிசின் தலையில் ஒரு முக்காட்டை இழுத்துவிட்டு, "இது எங்க மூத்த பொண்ணு" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கவே இல்லையாம். பெர்சிஸ் இதை எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தில் இவள் குரல்தான் நடுங்கும்.

கல்லூரிகளை மூடினார்கள், திறந்தார்கள், திரும்ப மூடினார்கள். இருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கமருன்னிசா தின்கன்ஜூன் சந்தையில் லேஸ், நூல், பொத்தான் விற்கும் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். பெர்சிஸ் விடுதிக்கு வந்தாள். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் தாமுவே வரை போய் அங்கிருந்து பஸ் பிடித்துவிடுவாள். நேரே கமருன்னிசாவின் அடுப்படியில் போய் உட்காருவாள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. "ஏன் புள்ள இப்படி எலும்பா கெடக்கே? அந்தப் பொட்டப்புள்ளைங்களுக்குப் போட்டுட்டு நீ பட்டினியா?" என்று ஆரம்பித்து, இவள் கட்டிய லுங்கி முதல் வாரிய தலை வரை ஒவ்வொன்றாகக் கமருன்னிசா திட்டுவாள். உரிமையோடு பெர்சிசைத் திட்டுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள். மற்ற நாளெல்லாம் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று நூறு பேர் கூப்பிட்டார்கள். ஆன்ட்டி சாப்பிட்டாளா என்று கேட்டவர் இல்லை.

இரண்டாயிரத்து எட்டின் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு காசாவில் குண்டு விழ ஆரம்பித்தது. இன்சீனுக்கும் காசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விடுதியில் பாதிப் பேருக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் அரிசி விலையைப் பற்றி முணுமுணுப்பதற்கே சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். ஒன்றேகால் வருடத்துக்கு முன் பிக்குகள் தெருவில் நடந்து என்ன பாடு பட்டார்கள் என்று கண்ணால் பார்த்தவர்கள். சொந்த ஊர்க் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு, தூரத்தில் ஒரு சண்டை கிடைத்தது. பிடித்துக்கொண்டார்கள்.

இறுதியாண்டு டேனி ஒரு வாலிபர் முகாமுக்குப் போய்விட்டு வந்தவன், இஸ்ரேலுக்காக ஒரு ஜெபக்கூட்டம் வைக்கிறேன் என்று கிளம்பினான். இஸ்ரேலை ஆசீர்வதிக்காதவனுக்கு ஆசீர்வாதமே கிடையாது என்று ஆண்களும் பெண்களும் சாப்பிடுகிற பொதுச் சாப்பாட்டு அறையில் நின்று முழங்கினான். எதிர் பெஞ்சிலிருந்து அஞ்சலி எழுந்தாள். ஐராவதி டெல்டாப் பக்கத்துப் பெண், மே மாதத்துப் புயலில் வீடும் ஒரு தம்பியும் போனவள்.

"எங்க ஊரு தண்ணில போனப்போ வெளியில இருந்து எல்லாரும் வேடிக்கைதானே பாத்தாங்க? இப்ப அங்க சின்னப்புள்ளைங்க சாகுது. நீ குண்டு போடுறவனுக்கு ஸ்தோத்திரம் சொல்றியா?"

"ராக்கெட் விடுறவன் யாரு? அதை ரேடியோல சொல்லலியா உனக்கு?"

அவ்வளவுதான். மறுநாள் முதல் சாப்பாட்டு அறையில் இரண்டு பெஞ்சு, இரண்டு கட்சி. கோழிக்குழம்புச் சட்டி ஒன்றுதான், ஆனால் ஒரு கட்சி கரண்டியைத் தொட்டால் மற்றது தொடாது. நோட்டீஸ் பலகையில் ஒருத்தர் ஒட்டியதை மற்றவர் கிழித்தார்கள். பெர்சிஸ் எந்தப் பெஞ்சிலும் இல்லை. அவள் எப்போதும் சாப்பிடுவது அடுப்படியில் நின்றுகொண்டுதான்.

டேனி அவளிடம் வந்தான். "ஆன்ட்டி, மேடைக்குப் பின்னாடி தொங்கவிட ஒரு கொடி வேணும். நடுவுல தாவீதோட நட்சத்திரம், மேலயும் கீழயும் நீலக் கோடு. தைச்சுத் தர்றீங்களா?" அவன் செல்லம் கொஞ்சினால் அவளால் மறுக்க முடியாது. இருபது வருடமாக ஞானப்பாடல் குழுவுக்கு அங்கி, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேய்ப்பன் சட்டை, தேவதைக்குச் சிறகு என்று தைத்துப் பழகிய கை. தாவீது ராஜா என்றால் அவளுக்கு நாடகம், நட்சத்திரம் என்றால் பெத்லகேம். ஒரு நாட்டின் கொடியைத் தைக்கிறோம் என்பது புத்திக்கு எட்டியதே தவிர மனசுக்கு எட்டவில்லை. புது வெள்ளைப் போர்வையை எடுத்து, இரண்டு முக்கோணத்தைக் கச்சிதமாக வெட்டித் தைத்தாள். தைத்து முடித்துப் பார்த்தால் ஓரம் மொட்டையாக இருந்தது. பிரசங்க மேடை விரிப்புக்கு ஓரம் வைக்காமல் அவள் விட்டதே இல்லை. பெட்டியைத் திறந்தாள். கிறிஸ்துமசுக்குச் சட்டையில் வைத்துக்கொள் என்று கமருன்னிசா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த லேஸ் இருந்தது, பூவும் கொடியுமாக, நல்ல ரகம். அதைச் சுற்றிலும் வைத்துத் தைத்தாள். இஸ்ரேல் கொடிக்கு லேஸ் வைத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்த வேலையில் அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை தவறிப்போயிற்று.

ஜெபக்கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அஞ்சலியின் கட்சி சிற்றாலயப் படிகளில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்துகொண்டு உள்ளே போக வழி விடவில்லை. கத்தவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தாண்டிப் போகிறேன் என்று டேனி ஆட்கள் தாண்டினார்கள். யாரோ யாரையோ தள்ள, ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கொடியை உள்ளேயிருந்து ஒருத்தன் உருவிக்கொண்டு வந்து முற்றத்துச் சேற்றில் எறிந்தான். தெருவில் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்தால் வார்டு ஆபீஸ்காரர் வராமல் இருப்பாரா? வந்தார், கூடவே சட்டையைப் பார்த்தாலே உளவுக்காரர் என்று தெரிகிற இன்னொருவரும் வந்தார். பிரின்சிபால் ஏசுரத்தினம், சாயாஜி என்று எல்லோரும் மரியாதையோடு கூப்பிடுகிற மனிதர், வியர்த்து விறுவிறுத்து நின்றார். கல்லூரியை மூடிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

பெர்சிசுக்கு அப்போது அரசியல் ஒன்றும் ஓடவில்லை. புதுப் போர்வை சேற்றில் கிடக்கிறதே என்று ஓடிப்போய் எடுத்தாள். இரண்டு கையிலும் அதை அள்ளி மார்போடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், கேட்டுக்கு உள்ளே கமருன்னிசா நிற்கிறாள். கையில் சோற்றுத் தூக்கு. ஞாயிற்றுக்கிழமை வரவில்லையே, காய்ச்சலாகக் கிடக்கிறாளோ என்று, ஒருநாளும் இன்சீன் பக்கம் வராதவள் அன்று வந்திருந்தாள்.

கமருன்னிசா கொடியைப் பார்த்தாள். பிறகு அதன் ஓரத்தைப் பார்த்தாள். அவள் கடை லேஸ் அவளுக்குத் தெரியாதா?

ஒரு வார்த்தை சொல்வதற்குள் வார்டு ஆபீஸ்காரர் திரும்பிவிட்டார். முக்காட்டோடு ஒரு வெளியாள், இந்த நாளில், இந்தக் கலவரத்தில்! "யார் இந்தம்மா? யாரைப் பார்க்க வந்திருக்கிறார்?" என்று பர்மியில் கேட்டார். சாயாஜி பெர்சிசைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. பெர்சிசுக்கு ஒரே ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது: அவள் கட்டிலும் மிஷினும் தெருவில் கிடக்கிற காட்சி.

"எனக்குத் தெரியாது. தைக்கத் துணி கொடுத்தவங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று காதில் விழுந்தது. அவளை மூத்த மகள் என்று சொன்ன வீட்டுப் பெண் அங்கே நிற்கிறாள். கமருன்னிசாவின் முகம் மாறவில்லை. தூக்கை மெதுவாக முக்காட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தைக்கக் கொடுத்தவள் சோறு கொண்டுவருவாளா? "ஆமாம், சட்டை தயாரா என்று கேட்க வந்தேன். இன்னும் ஆகலைன்னா பிறகு வர்றேன்" என்று நல்ல பர்மியில் சொல்லிவிட்டு, சோற்றோடு திரும்பி நடந்தாள். காப்பாற்றுவது அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

கல்லூரியை மூடவில்லை. "நல்லவேளை, சமாளிச்சீங்க" என்று சாயாஜி பெர்சிசை மெச்சிக்கொண்டார். அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. இரண்டு கட்சிக்கும் ஒரே தண்டனை, சாக்கடை அள்ளுவது. சேர்ந்து அள்ளினார்கள், சேர்ந்து மூக்கைப் பிடித்தார்கள். ஜனவரி முடிவதற்குள் காசாவிலும் குண்டு நின்றது, இங்கே டேனியும் அஞ்சலியும் ஒரே தட்டில் தேயிலை ஊறுகாய் சாப்பிட்டுக்கொண்டு சிரித்தார்கள். இளசுகள், சண்டையைத் தோளில் போட்ட துண்டு மாதிரி உதறிவிட்டார்கள். அது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அடுப்படியிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டபோது பெர்சிசுக்கு வயிறு எரிந்தது. அவர்களுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டதே!

பிப்ரவரியில் அவளுக்குப் போகத் துணிச்சல் இல்லை. தெருமுனை டெலிபோன் கடையிலிருந்து கூப்பிட்டாள். கமருன்னிசாவின் கணவர்தான் எடுத்தார். நல்லா இருக்கா, தொழுதுக்கிட்டு இருக்கா என்று சொல்லி வைத்துவிட்டார். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வருவது வரட்டும் என்று ரயில் ஏறினாள்.

கதவைத் திறந்த கமருன்னிசா, "வாங்க" என்று முன்கூடத்து நாற்காலியைக் காட்டினாள். அந்த நாற்காலியில் பெர்சிஸ் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. தட்டில் வைத்து டீயும் பிஸ்கட்டும் வந்தன. எலும்பாக இருக்கிறாய் என்று யாரும் திட்டவில்லை. இரண்டு மாதத்தில் அவள் நிஜமாகவே இளைத்திருந்தாள்.

"கொடியை..." என்று ஆரம்பித்தாள் பெர்சிஸ்.

"கொடி கெடக்குது. சின்னப்புள்ளைங்க கேட்டா நீ எதைத்தான் தைக்க மாட்டே, எனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் ரேடியோல அந்தப் புள்ளைங்க அழுகையைக் கேட்டுட்டு வந்தேன், அதுல எங்க கடை லேஸைப் பாத்ததும் நெஞ்சு எரிஞ்சுச்சு. ஆனாலும் ரயிலு வாரதுக்குள்ள அது ஆறிப்போச்சு." கமருன்னிசா நிறுத்தினாள். "மத்தது ஆறலே."

"பயந்துட்டேன் கமரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"இல்லியா?" என்று கேட்டாள் கமருன்னிசா. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் புதுச் சட்டைத் துணி ஒன்றும், மடித்த பழைய சட்டை ஒன்றும் இருந்தன. பெர்சிசின் மடியில் வைத்தாள். "தைக்கத் துணி குடுத்தேன்னு சொன்னீங்கள்ல. குடுக்காம இருந்தா அது பொய்யாப் போயிடும்."

பெர்சிஸ் பழைய சட்டையைத் தொட்டாள். அதுவும் அவள் தைத்ததுதான். "அளவு எதுக்கு? உன் அளவு எனக்குத் தெரியாதா?"

"இருக்கட்டும். தைக்கிறவங்களுக்கு அளவுச் சட்டை குடுக்கிறதுதானே வழக்கம்."

பெர்சிஸ் இரண்டையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்தாள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்போ வேணும்?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டால்தான் இந்த வீட்டுக்கு இன்னொரு முறை வர வழி இருந்தது.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள் கமருன்னிசா.