பாலா வயி தொடுபுயா

ருக்கியாவின் குரல்தான் எங்களுக்கு முதலில் அறிமுகம். ஆளைப் பிறகுதான் பார்த்தோம்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டின் மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. எந்த பஸ் எந்த வழி எங்கே போகிறது என்று அங்கிருந்து மைக்கில் சொல்வார்கள். நடுநடுவே நகைக்கடை, மூலவியாதி வைத்தியம், ஆட்டுப்பால் சோப்பு. அந்த அறைக்கு நேர் கீழே என் பேக்கரி. ஒரு ஜூன் மாதக் காலையில், பழைய அறிவிப்பாளர் பைலியின் கரகரப்புக்காகக் காத்திருந்த நேரத்தில், தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் ஒரு பெண் குரல் வந்தது.

"பாலா வயி தொடுபுயா, தொடுபுயா. மரியமாதா பஸ் புறப்படப் போகுது."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கண்டக்டருக்குப் புரையேறியது. அடுத்து, "கூத்தாட்டுகுளம் வயி மூவாட்டுபுயா" என்றபோது ஸ்டாண்டு முழுக்கச் சிரிப்பு. "சங்கனாச்சேரி வயி ஆலப்புயா" வந்தபோது, பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி மாடியைப் பார்த்தார்கள்.

அவள் மலப்புறத்துக்காரி. அந்தப் பக்கத்து மாப்பிளை முஸ்லிம் வீடுகளில் ழ கிடையாது. மழை மயதான், பழம் பயந்தான். எங்கள் பக்கமோ பாதி ஊர்களின் பெயரே புழா என்று முடியும். மீதி ஊர்களுக்கு ஏதாவது ஒரு வழியாகத்தான் போக வேண்டும். ழ இல்லாமல் இந்த ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸைக்கூடக் கிளப்ப முடியாது.

அவளைக் கொண்டுவந்தவர் விளம்பரக் குத்தகைக்காரர் வர்க்கிச்சன். பத்து பஸ் ஒன்றாக உறுமினாலும் அதைத் தாண்டிக் கேட்கிற குரல் இது ஒன்றுதான் என்றார். அவள் புருஷன் நாசர் இதே ஸ்டாண்டில் டிரைவராக இருந்தவன். பாலா சாலையில் நடந்த ஒரு விபத்தில் முழங்கால் போய் வீட்டோடு இருந்தான். வீட்டு அடுப்பு எரிவது அந்த மைக்கை நம்பித்தான். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

அதுவரை ஸ்டாண்டின் சிரிப்பு என் பேரில் இருந்தது. நான் கம்பத்துக்காரன். இருபத்திரண்டு வருடம் மலையாளம் பேசியும், வாயைத் திறந்தால் "அண்ணாச்சி மலை இறங்கிட்டாரு" என்பார்கள். ருக்கியா வந்த பிறகு என்னை விட்டுவிட்டார்கள். முதல் வாரம் வர்க்கிச்சன் என்னிடம் வந்து, உங்கள் பாஷையிலும் அந்த எழுத்து உண்டே, நீயாவது அவளுக்குச் சொல்லிக்கொடு என்றார். எங்கே, வாழைப்பழம் சொல்லு பார்ப்போம் என்றார். சொன்னேன்.

"வாளப்பளமா?" என்றார் வர்க்கிச்சன். "சரி, உன்னால ஆவாது. ரெண்டு பப்ஸ் குடு."

காலேஜ் பையன்கள் அவள் ஜன்னலுக்குக் கீழே கூடுவது வழக்கமாயிற்று. மழை கொட்டும்போது வந்து நின்று, "இத்தா, வெளிய என்ன பெய்யுது?" என்று கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். இரண்டு நாள் ஜன்னல் சாத்தியிருந்தது. அவர்களுக்குப் பயந்து என்று நினைத்தோம்; சாரலுக்காகச் சாத்தியிருக்கிறாள். மூன்றாம் நாள் மைக்கிலேயே பதில் வந்தது.

"பயணிகள் கவனத்துக்கு. வெளிய மய பெய்யுது. குட இல்லாதவங்க ஒதுங்கி நிக்கணும். மூணாவது தூண் பக்கத்துல நாலு பசங்க நிக்கறாங்க. அவங்க வீட்டுல காலைலேர்ந்து தேடறாங்க. பாத்தவங்க பஸ் ஏத்தி விடணும்."

ஸ்டாண்டு சிரித்தது. இந்த முறை வேறு பக்கம் திரும்பிச் சிரித்தது. நாலு பேரும் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த வருடம் சர்ச் திருவிழாவில் ஒரு மிமிக்ரி குழு அவளையே ஒரு அயிட்டமாகப் போட்டது. முக்காடு போட்ட ஒருவன் மைக்கைப் பிடித்து, "தோஓடுபுயா" என்று இழுத்தான். மைதானம் அதிர்ந்தது. ருக்கியா நாசரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு எழுந்தாள். அழப்போகிறாள், அல்லது போய்விடப்போகிறாள் என்று நினைத்தோம்.

"புயா சரி," என்றாள் மேடையைப் பார்த்து. "தொடுதான் தப்பு. நான் அப்படி இழுக்க மாட்டேன். திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் குறை," என்றாள். மூன்றாவது தடவைதான் அவளுக்குத் திருப்தி. அந்தக் குழு அதன்பின் அந்த அயிட்டத்தைப் போடவில்லை என்று கேள்வி.

மத்தாய்க்குட்டி புகார் கொடுத்தது அடுத்த மழைக்காலத்தில். மூவாற்றுபுழா பக்கத்து ரப்பர் தோட்டக்காரர். வாரம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்துபோவார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் காத்திருக்க, இவர் இங்கே பஸ்ஸைத் தவறவிட்டார். என் கடையில் நின்று ரப்பர் விலை பற்றி ஒருவரோடு மல்லுக்கட்டியதில்தான் பஸ் போயிற்று; என் கண்ணெதிரே போயிற்று. வீட்டில் போய் என்ன சொல்வது? மாடியில் ஒருத்தி புரியாத பாஷையில் கத்துகிறாள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு அதையே நகரசபையிலும் சொன்னார்.

நகரசபைக்குப் புதிய செக்ரட்டரி வந்திருந்தார். திருவனந்தபுரத்துக்காரர். ஒழுங்கான மனிதர், சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பார். அவளை மாற்று, அல்லது சுத்தமான குரலில் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் போடு என்று வர்க்கிச்சனுக்குச் சொல்லி அனுப்பினார். வர்க்கிச்சன் போய்க் கெஞ்சியதில், நேரில் வந்து ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் ருக்கியா என் கடையில் டீ குடித்தாள். நாளைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் முயற்சி செய்து பாருங்களேன் என்றேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள்.

நாசர் வீட்டார் ராவுத்தர்கள். எந்தக் காலத்திலோ மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ழ அவர்களுக்கு அழுத்தமாக வரும். அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. கல்யாணம் ஆன புதிதில், சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார்கள் வேண்டுமென்றே பழம் வேண்டுமா, புழுங்கல் வேண்டுமா என்று கேட்பார்கள். அவள் பதில் சொன்னதும் சிரிப்பார்கள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ருக்கியா பிடிவாதக்காரி. குளிக்கிற இடத்தில், தண்ணீர் விழுகிற சத்தத்தில், நாக்கை மடக்கி மடக்கிப் பழகினாள். ஆறேழு மாதத்தில் வந்துவிட்டது. நாத்தனார்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்தச் சந்தோஷத்தோடு பூத்துக்குப் போய் ஊருக்கு போன் செய்தாள்.

"உம்மா, நான்தான். அங்க மழையா?"

உம்மா சொன்னாள்: "யாரு? நம்பர் தப்பு."

போனை வைத்துவிட்டாள்.

பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது ருக்கியா அதைப் பற்றிக் கேட்டாள். என் குரல்கூடவா உனக்குத் தெரியாமல் போயிற்று என்று. உம்மா முற்றத்தில் மத்தி கழுவிக்கொண்டிருந்தாளாம். தலையைத் தூக்கவில்லையாம்.

"தெரியும்டீ. தெரிஞ்சுதான் வெச்சேன். என் மவ கூப்பிடட்டும், பேசறேன்."

"அதோட விட்டுட்டேன், அண்ணாச்சி," என்றாள் ருக்கியா. டம்ளரை வைத்துவிட்டு மாடி ஏறினாள். வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

மறுநாள் பிற்பகல் செக்ரட்டரி வந்தார். என் கடை முன்னால் நாற்காலி போட்டோம். வர்க்கிச்சன் ஒரு பக்கம் நின்றார். மத்தாய்க்குட்டி மறுபக்கம், கக்கத்தில் குடையோடு. டிரைவர்கள், கிளிகள் என்று நாங்கள் சொல்லும் பஸ் கிளீனர்கள், லாட்டரிக்காரர்கள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல் அங்கேயே சுற்றினார்கள். ருக்கியா இறங்கி வந்து நின்றாள்.

செக்ரட்டரி தன்னை அறிமுகம் செய்துகொண்டார். "என் பேரு ஃபாஸ்கரன் நாயர்."

ஒரு கிளி சட்டென்று டயரைப் பார்க்கக் குனிந்துகொண்டான். தெற்கத்திக்காரர்களுக்கு அந்த எழுத்து அப்படித்தான் வரும். பாஸ்கரன் என்ற தன் பெயரே அவர் வாயில் அந்தப் பாடு பட்டது. ஸ்டாண்டு முழுவதும் ருக்கியாவைப் பார்த்தது. அவள் நாக்கு என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். மூன்றாவது தூண் பையன்களுக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"நம்ம ஃபாஷைக்குன்னு ஒரு சுத்தம் இருக்கில்லியா," என்றார் அவர். "நாலு பேரு கேக்கற எடம். புரிய வேண்டாமா?"

ருக்கியா அதையும் விட்டுவிட்டாள்.

வர்க்கிச்சன் நடுவில் புகுந்தார். இரவெல்லாம் யோசித்து ஒரு யோசனை கண்டுபிடித்திருந்தார். ஊர்ப் பெயர்களை ஒன்றும் செய்ய முடியாது. அதை ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். வழி என்கிற சொல்லையாவது மாற்றிவிடலாம். இங்கிலீஷில் வயா என்று சொல்லட்டும்.

செக்ரட்டரிக்கு அது பிடித்திருந்தது. "வயா. நல்லாருக்கே. படிச்சவங்க அப்படித்தானே சொல்றாங்க."

"சாறே," என்றாள் ருக்கியா. "வயா சரின்னா வயி ஏன் தப்பு?"

"அது இங்கிலீஷ்மா."

"இது என் உம்மாவோடது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். செக்ரட்டரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சீப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் பேசினார். நாக்குக்கு வரவில்லை என்றால் அது அவள் குற்றமில்லை, சிலருக்குப் பிறவியிலேயே அப்படி, அவளைக் குறை சொல்லி எதையும் எழுத மாட்டேன், வேறு ஏதாவது வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ருக்கியா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"வழி," என்றாள். "மழை. பழம். தொடுபுழா. மூவாற்றுபுழா. ஆலப்புழா. கோழஞ்சேரி."

ஒவ்வொன்றும் கழுவி வைத்ததுபோல் இருந்தது. பைலிக்குக்கூட அப்படி வந்ததில்லை. வர்க்கிச்சன் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு வருடமாகக் கேலி செய்த கண்டக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வரும் சாறே," என்றாள். "வேணாம்னு வெச்சிருக்கேன்."

செக்ரட்டரி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மூவாற்றுபுழா வண்டி, டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறிவிப்பு வராமல் எடுத்தால் ஆள் ஏறாது.

"நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு ருக்கியா படியேறினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கீழே நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். இப்போது எப்படிச் சொல்வாள்? ஒரே ஒரு முறை சுத்தமாகச் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும். ஒலிபெருக்கி கரகரத்தது.

"கூத்தாட்டுகுளம் வயி மூவாட்டுபுயா. மூவாட்டுபுயா, மூவாட்டுபுயா. வண்டி இப்பப் புறப்படுது."

என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. மத்தாய்க்குட்டி கக்கத்துக் குடையை இறுக்கிக்கொண்டு ஓடினார். தண்ணீர் தேங்கிய பள்ளத்தைத் தாண்டி, லாட்டரி மேஜையை இடித்துக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஓடினார். கிளி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவில் இரண்டு தட்டு தட்டினான். பஸ் நகர்ந்தது. படியில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. முகம் அப்படியே எங்களைக் கடந்து போயிற்று.

செக்ரட்டரி புகார்ப் பேப்பரை விரித்துத் தலையை நிமிர்த்தினார்.

"புகார் குடுத்தவரு எங்க?"

வர்க்கிச்சன் கைகளைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "மூவாட்டுபுயாவுக்குப் போயிட்டாரு, சாறே."

அதற்கு மேல் அங்கே விசாரணை நடத்த முடியவில்லை. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. செக்ரட்டரியும் கடைசியில் சீப்பை எடுத்துத் தலையை வாரினார். அதுதான் அவர் சிரிப்பு போலும். கம்ப்யூட்டர் குரல் வரவில்லை.

சாயங்காலம் ருக்கியா கீழே வந்தபோது எனக்கு ஒரு குறை இருந்தது. தன் பேரையே சரியாகச் சொல்லத் தெரியாதவர் சுத்தம் பேசுகிறார், ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"அவரு அம்மா அப்படித்தான் கூப்பிட்டிருப்பா," என்றாள். "அத நான் எதுக்குத் தொடணும்?"

பிறகு கடையில் தொங்கிய வாழைத்தாரைக் காட்டினாள். "வாயப்பயம் அரைக் கிலோ. நல்லாப் பயுத்ததா குடு."

"இது நல்ல பளம், இத்தா," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பளமாம்," என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனாள்.